நாற்பத்தோராவது தலை

ஜன்னலோரம் நீங்களே உட்காருங்கள் சார். எனக்கு இந்தப் பாதையில் பார்க்க ஒன்றும் பாக்கியில்லை. கருவேலங்காடு, ஒரு செல்போன் டவர், அப்புறம் மறுபடியும் கருவேலங்காடு. கோடாங்கிமடை போய்ச் சேர ஐம்பது நிமிஷம். நடுவில் ஒருவரும் ஏற மாட்டார்கள். ஏறினால்தானே இறங்குவதற்கு. காலையில் டவுனிலிருந்து போகிற இந்த நடையில் எப்போதும் டிரைவர், கண்டக்டர், காற்று, இவ்வளவுதான். இன்றைக்கு நாம் இரண்டு பேர் இருப்பதால் ஸ்டீபனுக்கே ஒரு மாதிரி இருக்கிறது. என்ன ஸ்டீபன்? சிரிக்கிறான் பாருங்கள். நல்ல கண்டக்டர் சார். எங்கள் ஊரில் அவனுக்குப் பெயர் தெரியாத ஆடு கிடையாது.

நீங்கள் தாலுகா ஆபீசிலிருந்து வருகிறீர்கள். யாரும் சொல்லவில்லை, அந்த நீலப் பை சொல்கிறது. முப்பதாம் தேதி காலை மறு ஆய்வு என்று உங்கள் ஆபீஸ் கடிதமே வந்ததே. அது வந்த கதை தெரியுமா? ஆளில்லாத ஊருக்குத் தபால் கொண்டுபோக முடியாது என்று தபால்காரர் சொல்லிவிட்டார். ஸ்டீபன்தான் வாங்கி வந்து கொடுத்தான்.

ஆமாம் சார், ஆளில்லாத ஊர். உங்கள் ஏட்டில் எங்கள் ஊரின் ஜனத்தொகை பூஜ்யம். நீங்களும் இன்றைக்குப் பார்த்துவிட்டுப் பூஜ்யம் என்றே எழுதினால் நாளை முதல் இந்தப் பஸ் நின்றுவிடும். ஆளில்லாத ஊருக்குப் பஸ் எதற்கு என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நாங்கள் நாற்பத்தொரு பேர் இருக்கிறோமே.

ஏன் பூஜ்யம் ஆனோம் என்றால், பஸ்ஸைக் காப்பாற்றப் போய் அப்படி ஆகிவிட்டோம். சொல்கிறேன், ஐம்பது நிமிஷம் இருக்கிறதே.

என் பெயர் உடையப்பன். பூனாவில் ஒரு பெரிய கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் டைம் ஆபீஸில் இருந்தேன். யார் எத்தனை மணிக்கு வந்தான், எத்தனை மணிக்குப் போனான், யார் யாருடைய கார்டைத் திருட்டுத்தனமாக அடித்தான், எல்லாம் என் கண்ணுக்குத் தப்பாது. மராத்தியிலும் இங்கிலீஷிலும் திட்டுவேன். இந்தப் பச்சைக் கம்பளித் தொப்பி அங்கே வாங்கியதுதான். வெயிலுக்கு இது எதற்கு என்று கேட்பார்கள். தலைக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான்.

நான் ஊருக்குத் திரும்பியபோது பஸ் கிடையாது. மெயின் ரோட்டில் இறக்கிவிட்டான். அங்கிருந்து ஏழு கிலோமீட்டர். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். ஒருநாள் நடந்ததற்கே எனக்கு மூன்று நாள் காய்ச்சல். என் பெண்சாதி பஞ்சவர்ணம் இருக்கிறாளே, அவள் இருபத்திரண்டு வருஷமும் வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை அந்த ஏழு கிலோமீட்டர் நடந்து மெயின் ரோட்டு டெலிபோன் பூத்துக்கு வந்து எனக்குப் போன் பேசுவாள். போக ஏழு, வர ஏழு. நான் மூன்று நிமிஷத்தில் வைத்துவிடுவேன். லைனில் என்னதான் பேசுவது? ஊரில் மழையில்லை என்பாள். தெரியும் என்பேன்.

அவளுக்கு இப்போது வலது முழங்கால் போய்விட்டது. ஏன் போனது என்று டாக்டருக்கே பிடிபடவில்லை. இந்த வயசுக்கு இவ்வளவு தேய்மானம் வரக் கூடாதாம். செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் டவுன் பெரியாஸ்பத்திரியில் காலுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். நிஜமாகச் சொன்னால் இந்தப் பஸ்ஸில் வேலையாகப் போகிறவள் அவள் ஒருத்திதான். மற்ற நாற்பது பேரும் சும்மா போகிறோம்.

சும்மா என்றால் சும்மாதான் சார். சிரிக்காதீர்கள்.

பஸ் வந்து ஒரு வருஷம் ஆனதும் டெப்போவிலிருந்து ஒருவர் வந்தார். காலை நடையில் எங்கள் ஊரிலிருந்து முப்பது தலை ஏற வேண்டும், மாசச் சராசரி முப்பதுக்குக் கீழே போனால் பஸ்ஸை எடுத்துவிடுவோம் என்றார். அப்போது ஏறிக்கொண்டிருந்தது ஏழோ எட்டோ. ஊரே நாற்பத்தொரு பேர்தான். ஆட்டைத் தலையாகச் சேர்க்க முடியுமா என்று கேட்டேன். அந்த மனிதர் ஜீப்பில் ஏறிவிட்டார். எங்கள் ஊரில் ஆடு மட்டும் இருநூற்றுச் சொச்சம் இருக்கிறது சார், நினைத்துப் பாருங்கள்.

ஊர் கூடியது. ஆளாளுக்குக் கத்தினார்கள். நான்தான் எழுந்து சொன்னேன், இதற்கு முறை போட வேண்டும் என்று. எங்கள் கண்மாய்க்கு மடை முறை உண்டு. ஒரு பூவரசங்கம்பு இருக்கும், முறைக்கம்பு என்போம். யார் வீட்டு வாசலில் அது ஊன்றியிருக்கிறதோ அவர்கள்தான் அன்றைக்கு மடையைத் திறந்து தண்ணீர் பாய்ச்ச வேண்டும். மறுநாள் விடிந்ததும் கம்பு அடுத்த வீட்டுக்குப் போய்விடும். கண்மாயில் தண்ணீர் நின்று பதினோரு வருஷமாகிறது, கம்பு கோயிலில் சும்மா கிடந்தது. அதை எடுத்து நான் புது முறை போட்டேன். பதினான்கு வீடு. கம்பு யார் வாசலில் இருக்கிறதோ அந்த வீட்டுக்காரர்கள் அன்றைக்கு ஊரில் தங்கலாம். மற்ற பதின்மூன்று வீடும் ஏழு ஐம்பது பஸ்ஸில் ஏறியே ஆக வேண்டும். பூனாவில் ஆயிரத்து நூறு பேருக்கு ஷிப்ட் போட்ட கை சார் இது.

ஏறுவது சரி, திரும்புவது எப்படி? அடுத்த பஸ் சாயங்காலம் நாலு மணிக்குத்தான். ஆக ஊர் முழுக்கப் பகல் பூராவும் டவுன் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கும். முதல் வாரம் கூச்சமாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. பொம்பளைகள் மூன்றாம் நம்பர் பிளாட்பாரத்தில் முருங்கைக்கீரை ஆய்வார்கள். ஆம்பளைகள் ஐந்தாம் நம்பரில் ஆடுபுலி ஆட்டம். காளையப்பன் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்ததே டைம் கீப்பர் அறை வாசலில்தான். இரண்டு பங்காளிச் சண்டைக்குப் பஞ்சாயத்து அங்கேயே நடந்தது, வெளியூர்ப் பயணிகள் இரண்டு பேர் தீர்ப்புக்கூடச் சொன்னார்கள். எங்கள் ஊரைப் பார்க்க வேண்டுமென்றால் நீங்கள் ஸ்டாண்டிலேயே பார்த்திருக்கலாம் சார், இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டாம்.

வயல் வேலையா? அதை யார் பார்ப்பது, எல்லோரும்தான் பஸ்ஸில் போய்விடுகிறோமே. ஆட்டைத்தான் பாவம் பட்டியில் அடைத்துவிட்டு வருகிறோம். அதெல்லாம் பார்த்தால் ஊருக்குப் பஸ் நிற்குமா?

இப்படி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு மாசத்துக்கு முன்னால் சாமி கும்பிடு வந்தது. ஐந்து நாள் ஒரு குஞ்சுகூட ஏறவில்லை. மாசக் கடைசியில் ஸ்டீபன் கூட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, முப்பதுக்குக் கொஞ்சம் குறையுது, கடைசி ரெண்டு நாளும் முழு ஊரும் ஏறினாத்தான் உண்டு" என்றான். சரி, இரண்டு நாளைக்கு முறைக்கம்பு கோயிலில் கிடக்கட்டும், யாருக்கும் ஓய்வு கிடையாது என்று நான் உத்தரவு போட்டேன். சேவுகப்பெருமாள் அய்யாவுக்கு எண்பத்து நாலு வயசு. ஆறு வருஷமாகக் கட்டிலை விட்டு இறங்காதவர். கட்டிலோடு தூக்கி வந்து பஸ்ஸில் ஏற்றினோம். கட்டில் வாசலில் நுழையாது என்று டிரைவர் சொல்ல, ஆளை மட்டும் பின் கதவு வழியாக உள்ளே தள்ளினோம். அன்றைக்கு டவுனில் பரோட்டாவைப் பார்த்தவர், மறுநாள் விடிவதற்கு முன்னாலேயே, "அடேய், பஸ்ஸு வந்திருச்சாடா?" என்று கத்த ஆரம்பித்துவிட்டார். இப்போது அவருக்கு ஜன்னல் சீட் வேண்டும்.

அந்த இரண்டாம் நாள்தான் உங்கள் ஆள் வந்தது.

நான் அன்றைக்கு ஏறவில்லை. எல்லோரும் போய்விட்டால் ஊரை ஒருவர் மேற்பார்வை பார்க்க வேண்டாமா? யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் ஆளாளுக்கு மேற்பார்வை பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். முதல் நாள் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து எனக்கு இடுப்பு வேறு பிடித்திருந்தது. மூடிக் கிடக்கிற பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் படுத்து மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டது.

யாரோ "ஐயா, ஐயா" என்றார்கள். விழித்துப் பார்த்தால் ஒல்லியாக ஒருத்தர். ஹெல்மெட், பேனா, அட்டையில் செருகிய காகிதம். பிற்பாடுதான் தெரிந்தது, அவர் ஜனத்தொகைக் கணக்கெடுக்க வந்த வாத்தியார் என்று. எனக்கு அந்த நேரம் என்ன தோன்றும், நீங்களே சொல்லுங்கள். டெப்போவிலிருந்து ரகசியமாகச் செக்கிங்குக்கு ஆள் வரும் என்று ஸ்டீபன் சொல்லி வைத்திருந்தான். நிஜமாகவே எல்லோரும் பஸ்ஸில் போகிறார்களா என்று பார்க்க வந்திருக்கிறான், இதுதான் நம் பெருமையைக் காட்டுகிற நேரம் என்று எழுந்து உட்கார்ந்தேன்.

"ஊர்ல யாருமே இல்லையா?" என்றார்.

"ஒருத்தர்கூடக் கிடையாது சார்" என்றேன். நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

"எப்ப வருவாங்க?"

"சொல்ல முடியாது சார். அந்த அளவுக்குப் போக்குவரத்து. இந்த ஊரில் பகலில் நீங்கள் ஆளைப் பார்க்கவே முடியாது."

"சாயங்காலம்வரை இருந்து பார்க்கட்டுமா?"

"வெயிலில் எதற்குச் சார் காத்திருக்கிறீர்கள், பிரயோஜனமே இல்லை" என்றேன். நல்ல மனசோடுதான் சொன்னேன்.

அப்புறம் கேட்டார் பாருங்கள் ஒரு கேள்வி. "அப்ப நீங்க?"

என்ன சொல்வேன்? இந்த ஊர் என்று சொன்னால், ஏன் பஸ்ஸில் ஏறவில்லை என்பான், ஒரு தலை குறைகிறதே என்று எழுதுவான், என்னால் பஸ் நின்றது என்று ஆகிவிடும். முறை போட்டவனே ஏமாற்றினான் என்று பேர் வரும். ஆகவே சொன்னேன்: "நானா? நான் இந்த ஊரே இல்லை சார். விருந்தாளி."

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். ஒரு படித்த மனிதர், நான் சொன்னதை அப்படியேவா நம்புவது? கொஞ்சம் விசாரித்திருக்கலாம் இல்லையா? என்னுடைய வருத்தம் அதுதான் சார். இந்தக் காலத்து ஆட்களுக்கு வேலையில் அக்கறை கிடையாது.

போன மாசம் உங்கள் ஏட்டைக் காட்டிப் பஸ்ஸை நிறுத்தப்போவதாக டெப்போ கடிதம் வந்ததும் எல்லோரும் ஸ்டாண்டிலிருந்து நேராக உங்கள் ஆபீசுக்கு நடந்தோம். மனுவை வாங்கிப் பார்த்த கிளார்க், "கோடாங்கிமடைல ஆளே கிடையாதே, இத எழுதினது யாரு?" என்றார். நாங்கள்தான் என்றோம். நாற்பத்தொரு பேரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்க இங்கல்ல இருக்கீங்க" என்றார். அப்புறம் காகிதத்தை எடுத்துச் சத்தமாகப் படித்தார். "வீடுகள் பதினான்கு, அனைத்தும் பூட்டியுள்ளன. ஜனத்தொகை பூஜ்யம். தகவல் தந்தவர், விருந்தாளியாக வந்திருந்த வெளியூர்க்காரர். பச்சைக் கம்பளித் தொப்பி அணிந்தவர்."

எல்லோரும் என் தலையைப் பார்த்தார்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும் சார், யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. எங்கள் ஊர் மனிதர்கள் அப்படி. அதற்குப் பிறகுதான் எனக்கு மரியாதை கூடியது. அன்றைக்கு வீட்டுக்குப் போனால் பஞ்சவர்ணம் எனக்கு முன்னாலேயே உள்ளே போய்ச் செம்பில் தண்ணீரோடு வாசலில் நிற்கிறாள். "வாங்க வாங்க. பிரயாணமெல்லாம் சௌரியமா இருந்துச்சா?" முப்பத்து நாலு வருஷத்தில் அவள் என்னை 'யோவ்' என்பதைத் தவிர வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. பாயை விரித்தாள். வாழையிலை போட்டுச் சோறு வைத்தாள், அப்பளம் வேறு. பரவாயில்லையே என்று சாப்பிட்டேன். விடிந்ததும் காப்பியைக் கையில் கொடுத்து, "எப்பக் கெளம்புறீக?" என்றாள்.

ஊரே அப்படித்தான். கடைக்குப் போனால் ஸ்டூலைத் துடைத்துப் போடுகிறார்கள். சேவுகப்பெருமாள் அய்யா என்னைத் தூக்கி வளர்த்தவர். "தம்பி யாரு வீட்டுக்கு வந்திருக்கீக?" என்று கேட்கிறார். முதலில் வயசாகிவிட்டது, மறதி என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால் அவருக்கு என்னைத் தவிர எல்லோரையும் ஞாபகம் இருக்கிறது. முறைக்கம்பு எங்கள் வீட்டு வாசலுக்கு வரும்போது பஞ்சவர்ணத்துக்கு மட்டும் ஓய்வு. எனக்கு இல்லை. விருந்தாளிக்கு ஏது முறை என்கிறார்கள். ஆக ஒருநாள் விடாமல் பஸ்ஸில் போகிற ஒரே ஆள் நான்தான். சேவை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மரியாதை நல்லதுதான். ஆனால் ஒரு மாசமாக என்னை யாரும் ஒரு வேலை ஏவவில்லை சார். ஒரு குடம் எடுத்து வை, ஒரு விறகை ஒடித்துப் போடு, ஒன்றும் கிடையாது. எழுந்தால் "நீங்க உக்காருங்க" என்கிறாள். முந்தாநாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவளே தண்ணீர் தூக்குகிறாள், நான் குடத்துக்குக் கை நீட்டினால், "விருந்துக்கு வந்த எடத்துல உங்களுக்கு எதுக்குங்க செரமம்" என்கிறாள். அந்த 'ங்க' இருக்கிறதே. பூனாவில்கூட நான் அவ்வளவு தூரத்தில் இருந்ததில்லை.

அதை விடுங்கள்.

இன்றைக்கு வருவோம். உங்கள் கடிதம் வந்ததும் பெரிய சிக்கல். இன்றைக்கு மாசக் கடைசி. இந்த மாசமும் காய்ச்சல், கல்யாணம் என்று ஆள் குறைந்து சராசரி இழுபறி, முழு ஊரும் ஏறினால்தான் முப்பது தேறும். அதே காலையில் நீங்கள் ஊருக்குள் ஆளை எண்ண வருகிறீர்கள். உங்களுக்காக ஊரில் இருந்தால் பஸ்ஸில் தலை இல்லை. பஸ்ஸில் ஏறினால் ஊரில் தலை இல்லை. இந்தப் பஸ் ஏழு நாற்பதுக்குப் போய் ஏழு ஐம்பதுக்குத் திரும்பிவிடும். நீங்கள் இறங்கித் தெருவுக்குள் நடப்பீர்கள், அவர்கள் ஏறி டவுனுக்குப் போவார்கள். ஒருவரை ஒருவர் கும்பிட்டுக்கொள்ளத்தான் நேரம் இருக்கும்.

இதைப் பேச ஸ்டாண்டில் மூன்றாம் நம்பர் பிளாட்பாரத்தில் கூட்டம் போட்டார்கள். விருந்தாளி என்பதால் என்னைக் கூப்பிடவில்லை. நான் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் பஞ்சவர்ணம்தான் சொன்னாள்: "ஆபீசரு எறங்கினாத்தான பிரச்சினை? எறங்கவிடாமப் பஸ்ஸுக்குள்ளயே உக்கார வச்சுட்டா, நாம ஏற ஏற எண்ணிக்கிடட்டும்."

"அம்பது நிமிசம் ஒரு மனுசன உக்கார வைக்கணும், திரும்பி அம்பது நிமிசம். யாரால முடியும்?" என்றான் காளையப்பன்.

"பேசிப் பிடிக்கிற ஆளு வேணும். கேக்குறவன் எந்திரிச்சுப் போக முடியாதபடி பேசுற ஆளு" என்றாள்.

எல்லோரும் ஒரே நேரத்தில் பக்கத்து பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்கள் சார். ஒரு மாசத்துக்கு அப்புறம் ஊர் எனக்குக் கொடுத்த முதல் வேலை இது. நேற்று சாயங்காலம் நான் ஊருக்குத் திரும்பாமல் ஸ்டாண்டிலேயே படுத்துக்கொண்டேன், உங்களைத் தவறவிடக் கூடாது என்று.

டவர் தாண்டிவிட்டது. அதோ புளியமரம், அதுதான் எங்கள் ஸ்டாப்பு. எழுந்திருக்காதீர்கள் சார். பையை எடுக்காதீர்கள். எடுத்தீர்களா, சரி, எடுத்து மடியில் வைத்துக் காகிதத்தை வெளியே எடுங்கள். இல்லை சார், ஊருக்குள் வந்து எண்ண வேண்டுமென்றால் நீங்கள் ஊருக்குள்தான் இருக்கிறீர்கள், எல்லைக்கல் பின்னால் போய்விட்டது, ஜன்னல் வழியாகப் பாருங்கள். வீடுகளையும் இங்கிருந்தே பார்க்கலாம், பதினான்கும் ஒரே வரிசை. ஆளைப் பார்க்காமல் பூட்டைப் பார்த்து என்ன செய்யப்போகிறீர்கள்?

ஏறுங்கள், ஏறுங்கள். வீடு வீடாக ஏறுங்கள், சாருக்கு வசதியாக இருக்கும். காளையப்பன் வீடு, ஐந்து. எழுதிக்கொண்டீர்களா? அந்தக் கைக்குழந்தையும் தலைதான் சார், உங்கள் ஏட்டில் தலைதான், ஸ்டீபன் கணக்கில்தான் இல்லை. அது போகட்டும், நீங்கள் எழுதுங்கள். அய்யாவைப் பின் கதவு வழியாக ஏற்றுகிறார்கள், கொஞ்சம் பொறுங்கள். சாருக்கு வணக்கம் சொல்லுங்கள் அய்யா. ஜன்னல் சீட் கேட்கிறார், கோபித்துக்கொள்ளாதீர்கள், முன்னால் ஒன்று இருக்கிறது. ஸ்டீபன், விசில் ஊதாதே. இன்னும் ஒரு ஆள் வர வேண்டும். மெதுவாகத்தான் வருவாள்.

எத்தனை? முப்பத்தொன்பதா? சரிதான். இதோ பஞ்சவர்ணம் ஏறுகிறாள், நாற்பது.

நானா சார்?

என்னைப் பற்றி நானே சொன்னால் செல்லாதே. ஏற்கெனவே ஒரு காகிதத்தில் வேறு மாதிரி இருக்கிறதே. எங்கள் ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் அவள்தான். அவளைக் கேளுங்கள்.

பஞ்சவர்ணம், சார் கேட்கிறார். இவர் உங்களுக்கு என்ன உறவு, இந்த ஊர்தானா என்று கேட்கிறார். சொல்லு. நீ என்ன சொல்கிறாயோ அதை எழுதிக்கொள்ளட்டும்.

கேட்டீர்களா சார்? சத்தமாகத்தானே சொன்னாள்? "விருந்தாளியா வந்தவருதான் சார். ஆனா கெளம்புற மாதிரித் தெரியல. எழுதிக்கங்க."

எழுதிவிட்டீர்களா? எங்கே, காட்டுங்கள். நாற்பத்தொன்று. நாலுக்குப் பக்கத்தில் ஒன்று, தெளிவாகத்தான் இருக்கிறது. மையில் எழுதினீர்கள்தானே? ஸ்டீபன், இப்போது ஊது.

என்ன பஞ்சவர்ணம்? என்ன சொன்னாய்? அந்தச் சேவுகப்பெருமாள் அய்யா இருமுகிறார், இன்னொரு தடவை சொல்லு.

"யோவ், வாய மூடிக்கிட்டுத் தள்ளி உக்காருய்யா. முழங்காலு வலிக்குது."

சார், கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்.